பயன் சொல்லுங்கள், சுவாமி

யாழ்ப்பாண மறைமாவட்டக் குருக்களுக்கும், கொழும்புத்துறைப் பெரிய குருமடத்தில் பயிலும் தம்பிமாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கத்துக்குரிய சுவாமிமாருக்கும் தம்பிமாருக்கும்,

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் இன்றைக்குப் பிரசங்கம் எதைப்பற்றி என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பதில் வராது. எவ்வளவு நேரம் நீண்டது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இந்தக் குறையைச் சொல்ல வெளியாள் தேவையில்லை, உங்கள் தலைமையே சொல்லிவிட்டது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010இல் இறைவார்த்தை பற்றி எழுதிய மடலில், யாருக்கும் எங்கேயும் பொருந்தும்படி பொதுப்படையாகப் பேசும் மறையுரைகளைத் தவிர்க்கச் சொன்னார். காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’யில் 135ஆம் எண் தொடக்கம் 159 வரைக்கும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கினார். கேட்கிறவர்களும் வருந்துகிறார்கள், சொல்கிறவர்களும் வருந்துகிறார்கள் என்று அதில் ஒளிக்காமல் எழுதினார். 2024 யூன் மாதத்தில், எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், போனால் சனம் நித்திரையாகிவிடும், அது சனத்தின் பிழையுமல்ல என்றார். எட்டு நிமிடம் நல்ல கணக்குத்தான். ஆனால் சலிப்பான இருபது நிமிடத்தை வெட்டி எட்டாக்கினால் மிஞ்சுவது சலிப்பான எட்டு நிமிடம். நீளம் நோயின் அடையாளமே ஒழிய நோயல்ல. குரல் வளமும், பகிடிப் பஞ்சமும், கைத்தொலைபேசி பார்க்கும் இளசுகளும்கூட நோயல்ல. சற்று முன்புதான் எழுந்து நின்று கேட்ட நற்செய்திப் பகுதியை உரை இரண்டாம் நிமிடத்திலேயே விட்டு விலகிப் போய்விடுகிறது. கேட்கிறவர் இருக்கும் ஊருக்கும் அது வந்து சேருவதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு மருந்தை உரோமையில் தேட வேண்டியதில்லை, நம் தீவுகளிலேயே இருக்கிறது.

நான் இருக்கும் புளியங்கூடல், பிள்ளையாரையும் அம்மனையும் சுற்றி அமைந்த சைவ ஊர். நாரந்தனை, கரம்பொன், ஊர்காவற்றுறை என்று பக்கத்திலேயே கத்தோலிக்க ஊர்களும் குறிச்சிகளும். இந்தப் பக்கத்துச் சைவக் கோயில்களில் புராணபடனம் என்றொரு வழக்கம் உண்டு. கந்தபுராணமும் பெரியபுராணமும் நாள் குறித்துப் படிக்கப்படும். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம், அதற்கு முன்னே விநாயக விரதத்தின் இருபத்தொரு நாளும் பிள்ளையார் கதை. படிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் இன்னொருவர். படிப்பவர் ஒரு செய்யுளை இராகத்தோடு இழுத்துப் படித்து நிறுத்துவார். பயன் சொல்பவர் அந்தச் செய்யுளைச் சொல் பிரித்து, பொருள் கூட்டி, வேண்டிய இடத்தில் ஒரு சின்ன உதாரணம் வைத்து விளக்குவார். பிறகு அடுத்த செய்யுள். பயன் சொல்பவருக்கு எவ்வளவு புலமை இருந்தாலும் அடுத்த செய்யுள் அவரை வந்து பிடித்து இழுத்துவிடும். சூரபன்மன் தவம் செய்யும் இடத்தில் நின்றுகொண்டு நாட்டு நடப்பை அரை மணி நேரம் பேச முடியாது. படிப்பவர் செருமுவார், சபையும் நெளியும். இந்த முறையின் பலம் இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத கிழவிகளுக்குக்கூடக் கந்தபுராணத்தின் கிளைக்கதைகள் தலைகீழாகத் தெரிந்திருந்ததற்குக் காரணம், சொன்னவர்கள் நாவன்மை உள்ளவர்கள் என்பது மட்டுமல்ல. பாட்டும் பயனும் விலகாமல் கூடவே நடந்தன. கேட்டவர் எதைப் பிடித்துக்கொள்வதென்று தெரியாமல் தடுமாறவில்லை.

சைவக் கோயில் வழக்கத்தைக் கத்தோலிக்கப் பூசைக்குள் கொண்டுவருவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். தண்ணீர் வாயிலுக்கு முன் மரமேடையில் நின்று எஸ்ரா சட்ட நூலை வாசிக்கிறார், லேவியர் அதன் பொருளை மக்களுக்கு விளங்கும்படி சொல்கிறார்கள், கேட்ட மக்கள் அழுகிறார்கள். படிப்பவரும் பயன் சொல்பவரும் அங்கேயே இருக்கிறார்கள். லூக்கா நான்காம் அதிகாரத்தில் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு செய்ததும் அதுதான்: எசாயாவின் ஏட்டை வாங்கி, ஒரு பகுதியை வாசித்து, ஏட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, வாசித்ததை அந்த நாளோடும் அந்த ஊரோடும் இணைத்தார். கடன் வாங்கல் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. மிசனரி பீற்றர் பார்சிவலோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். வாராவாரம் மேடையேறிப் பேசும் அந்த முறையை அவர் கண்டுகொண்டது கிறிஸ்தவ மிசனரிமாரிடம். அவர் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டார். நீங்களும் கூச்சப்படத் தேவையில்லை.

இப்போதைய மறையுரைகளுக்கு முன்மாதிரி எது என்று பார்த்தால், புராணபடனமுமல்ல, நாசரேத்துமல்ல, மேடைப் பேச்சு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகத்து அரசியல் மேடையில் வளர்ந்து, பட்டிமன்றத்தால் பரவி, நம் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி வரைக்கும் வந்துவிட்ட ஒரு நடை அது. மோனை எதுகை, மூன்று தலைப்பு, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வெளிநாட்டுக் கதை, கடைசியில் குரலை உயர்த்தி ஓர் அறைகூவல். குருமடத்துக்கு வரும் தம்பி இந்த நடையோடுதான் வருகிறார், ஏனென்றால் பேச்சுப்போட்டியில் அவருக்குப் பரிசு கிடைத்தது இதற்குத்தான். மேடைப் பேச்சு தன்னளவில் தாழ்ந்ததல்ல. ஆனால் அது பேசுகிறவரை முன்னே நிறுத்துவதற்கென்று பிறந்தது. மறையுரை வாசகத்தை முன்னே நிறுத்த வேண்டியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மறையுரை வழிபாட்டின் ஒரு பகுதி என்றும், ஞாயிற்றிலும் கடன்திருநாளிலும் தக்க காரணமின்றி அதை விடக்கூடாது என்றும் சொல்வது இதனால்தான். வழிபாட்டை நிறுத்திவிட்டு இடையில் பேசுவதற்கென்று ஒதுக்கிய நேரமல்ல அது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சங்கத்துக்கு முன் பூசை இலத்தீனில் நடந்தது, பிரசங்கம் மட்டும் தமிழில். ஒன்றும் விளங்காத ஒரு மணி நேரத்தின் நடுவே விளங்கிய ஒரே பகுதி என்பதால் அது எப்படி இருந்தாலும் சனம் காது கொடுத்தது. இன்றைக்கு வாசகங்கள், மன்றாட்டுகள், நற்கருணை மன்றாட்டு எல்லாமே தமிழ். விளங்குகிறது என்ற ஒரே காரணத்தால் கேட்கப்படும் சலுகை பிரசங்கத்துக்கு இப்போது இல்லை. அதைச் சுற்றியிருக்கும் சொற்களெல்லாம் அதைவிட அடர்த்தியானவை, அழகானவை. அவற்றோடு போட்டிபோட நினைத்தால் தோல்விதான். அவற்றைத் திறந்து காட்டினால்தான் பிரசங்கத்துக்கு வேலையுண்டு.

நம் திருச்சபையின் சொந்த வரலாறும் இதற்குச் சாட்சி. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் துரத்தப்பட்டார்கள். 1687இல் யோசேவ் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்து சேரும் வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிலையான குரு எவரும் இங்கே இல்லை. வந்த பிறகும் தீவு முழுவதற்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய குருக்கள்தான் வெகுகாலம் இருந்தார்கள். ஊர்களில் சபையைக் கட்டிக்காத்தவர்கள் மூப்பரும் அண்ணாவிமாரும். 1705இல் வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அவர்களின் கையில் கொடுப்பதற்காகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய ‘சுவிசேட விரித்துரை’ நற்செய்திப் பகுதிகளுக்குச் சொன்ன விளக்கம். ‘வியாகுலப் பிரசங்கம்’ பாடுகளின் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து நின்று பார்க்கும் உரைகள். தவக்காலத்தில் அதை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டு பழைய பிரசங்கம், வடமொழி கலந்த நடை, பல சொற்கள் இன்றைக்கு வழக்கிலேயே இல்லை. அப்படியிருந்தும் சனம் அழுகிறது. போன ஞாயிறு சொன்ன பிரசங்கமோ வியாழக்கிழமைக்குள் மறந்துபோகிறது. ஏன்? வியாகுலப் பிரசங்கம் ஒரு நேரத்தில் ஒரு காட்சியைத்தான் பிடிக்கிறது. பூங்காவனத்தில் நிற்கும்போது கல்வாரிக்கு ஓடுவதில்லை. கேட்பவரைக் காட்சிக்குள் இழுத்து நிறுத்திவிட்டு, அவரிடமே பேசுகிறது. அது செய்யும் வேலையும் பயன் சொல்லும் வேலைதான்.

இந்த வழியில் ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்போம். மூன்றாண்டு வாசகச் சுற்றில் முதல் ஆண்டின் தவக்கால மூன்றாம் ஞாயிறு, யோவான் நான்காம் அதிகாரம், சமாரியப் பெண். இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் கேட்கும் உரை எதுவென்று உங்களுக்கே தெரியும்: மனிதனுக்குத் தாகம் உண்டு, பணத் தாகம், பதவித் தாகம், புகழ்த் தாகம், உண்மையான தாகத்தை ஆண்டவரே தீர்ப்பார். பிழையில்லை. ஆனால் இதைச் சொல்ல யாக்கோபின் கிணறு தேவையேயில்லை. இனி வாசகத்தோடு நில்லுங்கள். நேரம் மத்தியானம். கிணறு ஆழம். தண்ணீர் கேட்கும் இயேசுவிடம் வாளியுமில்லை, கயிறுமில்லை. தண்ணீர் அள்ளும் பாத்திரம் அவளுடையது, அவளோ அவருடைய ஆட்கள் தொட்டுப் புழங்காத கூட்டம். நீர் போய் என்னிடம் கேட்கலாமா என்று அவள் திகைப்பது தாகத்தைப் பற்றியல்ல, பாத்திரத்தைப் பற்றி. இதைத் தீவுப்பகுதியில் விளக்க அகராதி வேண்டாம். சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் தேங்கி மிதக்கும் மெல்லிய படைதான் எங்கள் நல்ல தண்ணீர். கொஞ்சம் கூட இறைத்தால் சவர் ஏறிவிடும். ஊரில் நல்ல தண்ணிக் கிணறு எது, சவர்க் கிணறு எது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பவுசர் எந்த நாளில் வரும் என்பதும் தெரியும். அதைவிட ஆழமான இன்னொன்றும் தெரியும்: அந்த நல்ல தண்ணிக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது, யார் குடத்தோடு தள்ளி நின்று அள்ளி ஊற்ற ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கணக்கு ஓயவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் நுழைவுப் போராட்டத்தின்போது நடந்ததை யாழ்ப்பாணம் மறக்காது. கத்தோலிக்கரும் இதற்கு வெளியே நிற்கவில்லை. சாதி பார்த்துக் கோயிலும் குறிச்சியும் பிரிந்திருந்த ஊர்கள் பல. அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் நின்று இந்தப் பகுதிக்குப் பயன் சொல்பவர், கிணற்றடியில் முதலில் தண்ணீர் கேட்டவர் யார், கேட்கப்பட்ட பாத்திரம் யாருடையது என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்தினாலே போதும். ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகாது. யாரும் நித்திரை கொள்ளமாட்டார்கள். சிலருக்குக் கோபம்கூட வரலாம், அதுவும் கேட்டதற்கு அடையாளம்தானே.

கடற்கரைக் கோயில்களுக்கு லூக்கா ஐந்தாம் அதிகாரம். மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் ஐந்தாம் ஞாயிறு, 2025 பெப்ரவரியில் வாசிக்கப்பட்டது, 2028இல் திரும்ப வரும். இரவு முழுதும் பாடுபட்டு ஒன்றும் படாமல் வந்தவர்கள் வலையைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். கழுவிய வலையைத் திரும்ப இறக்கு என்றால், திரும்ப நனைத்து, திரும்பக் கழுவி, திரும்பக் காயப்போட வேண்டும் என்பது மெலிஞ்சிமுனையிலோ எழுவைதீவிலோ இருக்கும் ஒருவருக்குச் சொல்லாமலே விளங்கும். பேதுருவின் கீழ்ப்படிவுக்கு என்ன விலை என்பது அந்தக் கழுவிய வலையில் இருக்கிறது. மீன் பட்டதும் வலை கிழியப் பார்க்கிறது, இன்னொரு வள்ளத்தில் இருந்த பங்காளிகளுக்குச் சைகை காட்டுகிறார்கள். இந்த இரண்டாவது வள்ளத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. நெடுந்தீவுப் பங்கின் பொறுப்பில் இருக்கும் கச்சதீவு அந்தோனியார் கோயிலுக்கு ஆண்டுதோறும் தவக்காலத்தையொட்டி இலங்கை, இந்தியா என்ற இரண்டு கரையிலிருந்தும் வள்ளங்கள் வருகின்றன. ஒரு கரையின் இழுவைமடி மற்றக் கரையின் வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்பது பல ஆண்டு வழக்கு. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தும் தீரவில்லை. அறுத்தவரும் அறுபட்டவரும் ஒரே மணலில் இருந்து ஒரே பூசை காணும் இடம் உலகத்தில் அதிகமில்லை. அங்கே அந்தோனியாரின் புதுமைகளையும் இருநாட்டு நல்லுறவையும் மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது, கையில் இருக்கும் வாசகத்தை வீணாக்குவது. பங்காளியின் வள்ளமும் தாழும் அளவுக்கு நிறைந்தது என்று லூக்கா எழுதியிருக்கிறார். அதற்குப் பயன் சொல்ல அந்த மணலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இதற்கு மறுப்புகள் வரும். முதலாவது, நேரம். ஒரு குருவுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று கோயிலில் பூசை, இடையில் கடல் கடக்க வேண்டிய இடங்களும் உண்டு, கிழமைநாளில் மரணவீடு, பள்ளிக்கூடம், வீட்டுத்திட்டக் கடிதம் எல்லாம் அவர் தலையில். எங்கே ஆயத்தம் செய்ய? உண்மைதான். ஆனால் நான் சொல்லும் முறை கூடுதல் ஆயத்தத்தைக் கேட்கவில்லை, வேறு ஆயத்தத்தைக் கேட்கிறது. கதைத் தொகுப்பில் கதை தேடும் நேரத்தில் வாசகத்தை மூன்று தரம் சத்தமாக வாசித்து, எந்த வார்த்தை இந்த ஊரில் உறைக்கும் என்று பார்த்தால் போதும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. ஒரு கொப்பியில் பகுதிக்கு ஒரு பக்கம் எழுதி வைத்தால், இரண்டாம் சுற்றிலிருந்து உங்கள் பாரம் பாதியாகும். இடமாற்றம் வந்து புதிய பங்குக்குப் போனால் வாசக விளக்கம் அப்படியே இருக்கும், ஊர்ப் பக்கத்தைத்தான் மாற்றி எழுத வேண்டும். தயவுசெய்து அதை மாற்றாமல் வாசித்துவிடாதீர்கள். வயல் ஊருக்கு வந்து வலையைப் பற்றிச் சொன்னால், இது பழைய கொப்பி என்று சனத்துக்கு உடனே விளங்கிவிடும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. பூசையின் உச்சம் நற்கருணை, பிரசங்கமல்ல. குரு சொல்வது நன்றாயிருந்தாலும் இல்லாவிட்டாலும் அருளுக்குக் குறையில்லை. சுவையாய்ப் பேச வேண்டும் என்ற ஆசை கோயிலைக் கொட்டகையாக்கும். இதில் பாதியை நான் ஏற்கிறேன். பகிடி சொல்லிச் சிரிக்கவைத்து, கைதட்டல் வாங்கி, ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவே உலாவும் பாணி இங்கேயும் வந்துவிட்டது. அதைச் சுவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவை வேண்டாம் என்று சொல்வதற்குத் திருச்சபைத் தந்தையர் துணைக்கு வரமாட்டார்கள். ஏறக்குறைய கி.பி. 400இல் கார்த்தேசு நகரத் தியாக்கோன் தேயோகிராசியாஸ், புதிதாய் மறைகற்க வருபவர்களுக்குத் தான் சொல்வது தனக்கே சலிப்பாயிருக்கிறது என்று அகுஸ்தீனுக்கு எழுதிக் கேட்டார். அகுஸ்தீன் ஒரு முழு நூலாகவே பதில் எழுதினார். தன் பேச்சும் தனக்குப் பெரும்பாலும் திருப்தி தருவதில்லை என்று தொடங்கி, கேட்பவர் கொட்டாவி விட்டால் உற்சாகமான ஏதாவது சொல்லுங்கள், நெடுநேரம் நின்று களைத்திருந்தால் உட்காரச் சொல்லுங்கள் என்று கதிரை வரைக்கும் இறங்கி வந்து சொல்கிறார். பிறகு வேதபோதகம் பற்றிய தம் பெருநூலின் நான்காம் பகுதியில், கற்பிப்பதும் மகிழ்விப்பதும் மனத்தை அசைப்பதும் போதகனின் கடமை என்று சிசெரோவிடமிருந்து எடுத்துச் சொல்கிறார். கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதை அவர் பக்தியின் ஒரு பகுதியாகவே கருதினார். நீண்ட பிரசங்கத்துக்குப் பவுலே விதிவிலக்கல்ல. துரோவாவில் அவர் நடுச்சாமம் வரை பேசியபோது யன்னலில் இருந்த யூத்திகு என்ற இளைஞன் நித்திரையாகி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததைத் திருத்தூதர் பணிகள் மறைக்காமல் பதிந்திருக்கிறது. பவுல் இறங்கிப் போய் அவனை எழுப்பினார். அந்த வல்லமை இல்லாதவர்கள் எட்டு நிமிடத்தோடு நிறுத்துவது பாதுகாப்பு.

மூன்றாவது மறுப்பைச் சத்தமாகச் சொல்பவர் குறைவு: ஊரைப் பேசினால் அரசியல் வரும், அரசியல் வந்தால் ஆபத்து வரும். இந்தத் தீவுகளில் இதை யாரும் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் 2006 ஓகஸ்ட் 20இல் காணாமலாக்கப்பட்டார், இன்றுவரை திரும்பவில்லை. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையை நெடுந்தீவில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் நான் கேட்பது பிரசங்கபீடத்தை அரசியல் மேடையாக்குவதை அல்ல, அதை மேலே மறுத்துவிட்டேன். வாசகத்தில் இருப்பதைத் தாண்டிப் போகவேண்டாம், வாசகத்தில் இருப்பதை விழுங்கவும் வேண்டாம். உயிர்ப்பு ஞாயிறு காலையில் வாசிக்கும் யோவான் இருபதாம் அதிகாரத்தில் மகதலா மரியா ஓடி வந்து சொல்வது என்ன? உடலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பதுதான். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரின் கேள்வியும் சொல்லுக்குச் சொல் இதே. உயிர்ப்பின் முதல் அறிவிப்பு வெற்றிக் கூச்சலல்ல, ஒரு பெண்ணின் தேடல் என்று சொன்னால் அது அரசியலா, வேத விளக்கமா? அதைச் சொல்லாமல் நேரே அல்லேலூயாவுக்குத் தாவினால், கோயிலின் பின்வரிசையில் படத்தோடு இருக்கும் ஒரு தாய்க்கு அன்றைய நற்செய்தி வாசிக்கப்படாததற்குச் சமம்.

இந்த இடத்தில் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளையும் குருமடத்துத் தம்பிமாருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவரை உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்காகவும் 1966 கோலாலம்பூர் மாநாட்டுக்காகவும் கொண்டாடுகிறோம், சிலையும் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தது சங்கப் பாட்டில் இயற்கை என்ற பொருளை. நெய்தலில் இருப்பவளின் கவலைக்குக் கடலும் கழியும் தாழையும் வேண்டும், பாலைக்குப் போனால் வேறு மரம், வேறு பறவை, வேறு துயரம். நிலத்தை விட்டு உணர்ச்சியைச் சொல்லத் தெரியாத ஒரு மொழி இது. அந்த மொழியில் பிரசங்கம் செய்பவர்கள் பனையும் கிணறும் கழியும் இல்லாத, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் நின்றுகொண்டு விசுவாசத்தைச் சொல்ல முயல்வது வியப்பாயிருக்கிறது. கலிலேயாக் கடற்கரையில் உவமை சொன்னவர் அப்படிச் செய்யவில்லை. குருமடத்துப் பாடத்திட்டத்தில் மறையுரைக் கலைக்கு ஒதுக்கும் மணித்தியாலங்களில் சிலவற்றையாவது அடிகளின் இந்த ஆய்வுக்கும் கொன்சால்வெசுக்கும் கொடுக்கலாம். ஒருநாள் பின்னேரம் பக்கத்துச் சைவக் கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது பின்னால் போய் இருந்து கேட்டுவிட்டு வரலாம். யாரும் எழுப்பிவிடமாட்டார்கள். பாடுகளின் காட்சியை 1965இலிருந்து கலையாக வளர்த்தெடுத்த திருமறைக் கலாமன்றமும் நீ. மரியசேவியர் அடிகளும் கூத்துக்காரரிடம் கற்க வெட்கப்படவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், செலவில்லாதது. திருச்சபைச் சட்டத்தின் 767ஆம் இலக்கம் மறையுரையைக் குருவுக்கும் தியாக்கோனுக்கும் மட்டும் ஒதுக்குகிறது. பூசையில் பேசுவது நீங்கள்தான், அதில் வாதமில்லை. ஆனால் ஆயத்தத்தை ஒதுக்கும் சட்டம் எதுவுமில்லை. கிழமையில் ஒருநாள், செவ்வாயோ புதனோ, பின்னேரச் செபம் முடிந்த கையோடு ஐந்தாறு பேரை மறித்து வையுங்கள். கடலுக்குப் போகும் ஒருவர், தோட்டம் செய்யும் ஒருவர், ஒரு விதவை, ஓர் உயர்தர வகுப்புப் பிள்ளை, முடிந்தால் கோயிலோடு கோபித்துக்கொண்டு நிற்கும் ஒருவர். வருகிற ஞாயிற்று நற்செய்தியை அவர்களில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். உங்களுக்கு எது விளங்கவில்லை, எது நம்ப முடியாமல் இருக்கிறது, எது உறைக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்க வேண்டாம், அதற்கு ஞாயிறு இருக்கிறது. முதல் இரண்டு கிழமையும் எல்லோரும் ‘எல்லாம் விளங்குது சுவாமி’ என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் கிழமை யாராவது ஒருவர், அந்தச் சமாரியப் பெண் ஏன் குடத்தை விட்டுவிட்டுப் போனாள், தண்ணியில்லாத ஊரில் குடத்தை விடுவார்களா என்று கேட்பார். அந்த ஞாயிற்றுக்கு வேறு ஆயத்தம் தேவைப்படாது.

அன்புடன்,
புளியங்கூடலிலிருந்து
கேட்பவர் வரிசையில் ஒருவர்